காலையில் மட்டும் கேட்கும் சத்தம்

ஆழியாறு சோதனைச் சாவடியைத் தாண்டி வால்பாறை மலை ஏறத் தொடங்கியபோது காலை எட்டு மணி இருக்கும். ஏற்றத்தில் ஏசியை அணைத்துவிடுவது எங்கள் வீட்டு வழக்கம். மூன்று சிலிண்டர் சின்ன காருக்கு இழுவை போதாது. பனி அடிக்கிறது என்று கண்ணாடிகளையும் ஏற்றிவிட்டோம். பத்தாவது கொண்டை ஊசி வளைவு வருவதற்குள் முன்சீட்டில் இருந்த அம்மா, "தலை விண்ணு விண்ணுனு தெறிக்குதுடா" என்றார். எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்தோம். பின்னால் என் மகன், மலைப்பாதை என்றால் ஜன்னலை விட்டு முகத்தை எடுக்காதவன், தூங்கி வழிந்துகொண்டிருந்தான். வண்டியை ஓரங்கட்டி எல்லோரும் இறங்கிக் காற்றாட நின்றதும் கொஞ்சம் தெளிந்தது. ஏறி உட்கார்ந்து நாலு வளைவு போனதும் மறுபடி அதே தலைவலி. 40 வளைவுகள், வயசான உடம்பு, காலையில் சரியாகச் சாப்பிடவில்லை என்று ஆளுக்கொரு காரணம் சொல்லிக்கொண்டே மேலே போய்ச் சேர்ந்தோம்.

அடுத்த வாரம் கோவையில், எனக்குப் பழக்கமான மெக்கானிக் அண்ணன் பானெட்டைத் திறந்தார். என்ஜினுக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவில் டார்ச்சை விட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இங்க பாருங்க தம்பி" என்று காட்டினார். என்ஜின் ஹெட்டும், அதிலிருந்து புகையை வாங்கிக் குழாய்க்கு விடும் மேனிஃபோல்டும் சேருகிற இடத்தில், மூன்றாவது சிலிண்டர் பக்கம், கண்மை இழுத்த மாதிரி ஒரு கறுப்புக் கோடு. விரலால் தொட்டார், கரி ஒட்டியது. "அம்மாவுக்கு மலை ஒத்துக்காம போகலீங்க. புகை உள்ள வந்திருக்கு."

அந்தக் கோட்டுக்குக் காரணம் ஒரு கேஸ்கெட். இரண்டு உலோகப் பாகங்களுக்கு நடுவில் உட்காரும் மெல்லிய தகடு. மூன்று மாதம் முன்பு வேறொரு பட்டறையில் ஹெட்டைக் கழற்றி வேலை பார்த்தபோது, பழைய கேஸ்கெட்டையே பசை தடவி மாட்டியிருந்தார்கள். நானும் கேட்கவில்லை. எண்ணெய் மாற்றினார்களா, பில்டர் மாற்றினார்களா என்று பில்லில் தேடிப் பார்த்தவன், சில நூறு ரூபாய்ச் சாமான் ஒன்றைப் பற்றிக் கேட்கத் தெரியாமல் என் தாயையும் பிள்ளையையும் அந்த வண்டியில் ஏற்றி மலைக்குக் கூட்டிப் போயிருக்கிறேன். இந்தக் கட்டுரைக்காக நான் பட்டறை பட்டறையாக ஏறி இறங்கியதற்கு அதுதான் காரணம்.

கேஸ்கெட் என்ற சொல் நம் வீடுகளுக்குப் புதிதில்லை. குக்கர் கேஸ்கெட் தளர்ந்தால் ஓரத்தில் ஆவி சீறும், விசில் வராது, பருப்பு வேகாது. உடனே கடைக்கு ஆள் அனுப்பிவிடுவோம். காரில் அதே வேலையைச் செய்யும் பொருளைத்தான் கண்டுகொள்வதே இல்லை. குக்கருக்குள் இருப்பது சுமார் 120 டிகிரி வெறும் நீராவி. பெட்ரோல் என்ஜினின் வாயிலிலிருந்து வெளியேறும் வாயுவோ, ஏற்றத்திலும் வேகத்திலும் 800 டிகிரியைத் தொடும். அதில் கார்பன் மோனாக்ஸைடு இருக்கிறது. மேனிஃபோல்டிலிருந்து சைலன்சர் நுனிவரை அந்த வாயுவை வழி மாறாமல் கொண்டுபோய் வண்டிக்குப் பின்னால் விடுவதற்குத்தான் அத்தனை நீளக் குழாய். அந்தக் குழாய் துண்டு துண்டாக இருக்கிறது. துண்டும் துண்டும் சேரும் இடமெல்லாம் ஒரு கேஸ்கெட்.

மூன்று இடம், மூன்று குணம்

முதல் இடம், ஹெட்டும் மேனிஃபோல்டும் சேருவது. சூடு மிக அதிகமான இடம் இதுதான். ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்தத் தகடு படும் பாடு புரியும். 30 சென்டிமீட்டர் நீள வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு, காலையில் இருக்கும் குளிர் நிலையிலிருந்து 500 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் நீளும். அது முடுக்கப்பட்டிருக்கும் அலுமினிய ஹெட்டுக்குள் தண்ணீர் ஓடுவதால் ஹெட் அந்த அளவுக்குச் சூடேறாது, அந்த அளவுக்கு நீளவும் செய்யாது. ஒன்று நீள்கிறது, மற்றது அவ்வளவாக நகர்வதில்லை. நடுவில் மாட்டிக்கொண்ட கேஸ்கெட் ஒவ்வொரு பயணத்திலும் ஒருமுறை தேய்த்து இழுக்கப்படுகிறது; வண்டி ஆறியதும் பழைய இடத்துக்குத் திரும்ப இழுக்கப்படுகிறது. பள்ளிக்கு, கடைக்கு, கோயிலுக்கு என்று ஒரு நாளில் நாலு முறை சூடாகி ஆறும் குடும்பக் கார், நெடுஞ்சாலையில் ஒரே ஓட்டமாக ஓடும் காரைவிட இந்த விஷயத்தில் அதிகம் வதைபடுகிறது.

இரண்டாவது இடம், மேனிஃபோல்டிலிருந்து கீழே இறங்கும் முன்குழாய் இணையுமிடம். அம்பாசடர் போன்ற கார்களில் என்ஜின் நெடுக்காக இருந்தது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்ததிலிருந்து நம் வீட்டுக் கார்களில் பெரும்பாலானவற்றில் என்ஜினைக் குறுக்காக வைத்திருக்கிறார்கள், முன்சக்கரம் இழுக்கிறது. குறுக்கே இருக்கும் என்ஜின், ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போதும் விடும்போதும் முன்னும் பின்னுமாக ஆடும். குழாயோ வண்டியின் அடியில் தொங்கிக்கொண்டிருக்கிறது. இந்த ஆட்டத்தைத் தாங்கப் பல வண்டிகளில் இங்கே தட்டைத் தகடு போடுவதில்லை. உளுந்துவடை மாதிரி உருண்ட வளையம் ஒன்று இருக்கும். அதை ஸ்பிரிங் கோத்த இரண்டு போல்ட்டுகள் பிடித்திருக்கும். முழங்கால் மூட்டு போல அந்த இணைப்பு அசைந்து கொடுக்கும். ஸ்பிரிங் துருப்பிடித்து இறுகிவிட்டதால் வெறும் நட்டை வைத்து இறுக்கி ஓட்டுகிற வண்டிகளைப் பல பட்டறைகளில் பார்த்தேன். அசைய வேண்டிய மூட்டைக் கட்டிப்போட்டால் வளையம் நொறுங்கும், இல்லையென்றால் மேலே மேனிஃபோல்டில் விரிசல் விடும்.

மூன்றாவது, பின்னால் சைலன்சர் வரை உள்ள தட்டை இணைப்புகள். இவற்றுக்குச் சூட்டைவிடத் துருவும் எடையும்தான் எமன். குழாயைத் தாங்கும் ரப்பர் கொக்கி ஒன்று அறுந்தாலும் அத்தனை எடையும் இணைப்பில் தொங்கும். வேகத்தடையில் அடிபட்டால் கேட்கவே வேண்டாம். மழைக்காலத்தில் முட்டளவு தண்ணீரில் ஓட்டிவிட்டு வரும் வண்டிகளில், கொதிக்கும் இரும்பில் குளிர்ந்த நீர் பட்டு மேனிஃபோல்டே கோணிப்போவதும் உண்டு.

காது சொல்லும்

இந்த ஒழுக்குக்கு ஒரு விசித்திரக் குணம்: காலையில் கேட்கும், பத்து நிமிடத்தில் காணாமல் போகும். இரவெல்லாம் ஆறிய வண்டியை ஸ்டார்ட் செய்ததும் 'டிக்டிக்டிக்' என்று ஒரு சத்தம். என்ஜின் சூடானதும் இரும்பு விரிந்து இடைவெளியை ஓரளவு அடைத்துக்கொள்வதால் சத்தம் நின்றுவிடும். மதியம் பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போய் "சத்தம் வருதுங்க" என்றால், மெக்கானிக்கின் காதுக்கு ஒன்றும் கேட்காது. "டேப்பட் சத்தமா இருக்கும், எல்லா வண்டியிலயும் வரும்" என்று அனுப்பிவிடுவார். அவர்மேல் குறை சொல்ல முடியாது. இரண்டு சத்தமும் கிட்டத்தட்ட ஒன்று போலவே இருக்கும். முதல் நாள் இரவே வண்டியைப் பட்டறையில் விட்டுவிட்டு, காலையில் அவரையே ஸ்டார்ட் செய்யச் சொல்ல வேண்டும். என் வண்டியில் நான் செய்யத் தவறியது இதைத்தான்.

ஐடிலில் என்ஜின் நிமிடத்துக்கு 900 சுற்று சுற்றுகிறது என்றால், ஒரு சிலிண்டர் வெளிவிடும் மூச்சு வினாடிக்கு ஏழெட்டு. ஒரே ஒரு சிலிண்டர் வாயிலில் கேஸ்கெட் போயிருந்தால் சத்தம் அந்தத் தாளத்தில் வரும். ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்தால் தாளமும் கூடும், சத்தமும் தடிக்கும். டேப்பட் சத்தத்தில் வேகம் கூடும். ஆனால் இப்படிக் காற்றுச் சீறும் தன்மை அதில் இராது. சந்தேகம் தீர இன்னொரு வழி உண்டு. என்ஜின் ஆறியிருக்கும்போதே ஸ்டார்ட் செய்து, திறந்த வெளியில், ஒருவர் கனத்த ஈரத்துணியைச் சைலன்சர் நுனியில் சில வினாடி மட்டும் அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் முன்னால் காது கொடுத்துக் கேட்க வேண்டும். பின்வழி அடைபட்டதும் வாயு ஓட்டை இருக்கும் பக்கம் சீறும். என்ஜினை அணைத்துவிட்டுக் குழாய்க்குள் புளோயரால் காற்றடித்து, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவுவதும் நல்ல முறை. பஞ்சர் கடையில் பார்ப்பது போலவே குமிழி கிளம்பும். எந்தச் சோதனையிலும் கையை மேனிஃபோல்டில் வைத்துவிடாதீர்கள். ஸ்டார்ட் செய்த ஒரு நிமிடத்திலேயே அது கையைச் சுட்டுவிடும்.

சத்தம் கேட்காத ஒழுக்கும் உண்டு. அது பெட்ரோல் கணக்கில் தெரியும். 1995-இல் டெல்லி, மும்பை, கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு, புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கட்டாயமானது. பிறகு வந்த கார்களில் அதற்கு முன்னால் ஆக்ஸிஜன் சென்சாரும் வந்து உட்கார்ந்தது. புகையில் எவ்வளவு ஆக்ஸிஜன் மிச்சம் இருக்கிறது என்று அது சொல்ல, அதைக் கேட்டுத்தான் கணினி பெட்ரோலை அளந்து விடுகிறது. கேஸ்கெட்டில் ஓட்டை இருந்தால் புகை வெளியே போவது மட்டும் நடப்பதில்லை. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே குழாய்க்குள் அழுத்தம் குறையும் கணத்தில் வெளிக்காற்று உள்ளே உறிஞ்சப்படுகிறது. சென்சார் அந்தக் காற்றைப் பார்த்துவிட்டு "பெட்ரோல் பத்தவில்லை" என்று பொய்ச் சேதி சொல்லும். கணினி அதை நம்பிப் பெட்ரோலைக் கூட்டும். மைலேஜ் சரியும். கூடுதல் பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கும். கேஸ்கெட் சில நூறு ரூபாய், கன்வெர்ட்டர் பல ஆயிரம். மீட்டரில் என்ஜின் விளக்கு எரிந்ததும் சென்சாரை மாற்றிவிட்டு, விளக்கு மறுபடி எரிய, இரண்டாவது சென்சாரையும் மாற்றியவர்களைச் சந்தித்தேன். ஓட்டை அவர்கள் வண்டியில் அப்படியே இருந்தது.

புகைப் பரிசோதனைச் சான்றிதழ் இருக்கிறதே என்று தைரியமாக இருக்க வேண்டாம். அந்தக் கருவி சைலன்சர் நுனியில் வருவதைத்தான் அளக்கும். நடுவழியில் கசிந்தது அதற்குத் தெரியாது. உள்ளே புகுந்த காற்று புகையை நீர்த்துப்போகச் செய்து அளவைக் குறைத்தும் காட்டிவிடும்.

அம்மாவின் தலைவலி

கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினோடு ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடத்தில் ஆக்ஸிஜன் ஏற முடியாது. முதலில் தலைவலி, பிறகு குமட்டல், கிறுகிறுப்பு, தூக்கம். மலைப்பாதையில் வரும் வாந்தி மயக்கத்துக்கும் இதே அறிகுறிகள்தான் என்பதால் நாம் ஏமாந்துபோகிறோம். பிரித்தறிய ஒரு தடயம் உண்டு: வண்டியை விட்டு இறங்கினால் தெளிவதும், ஏறினால் திரும்புவதும். ஒருவருக்கு மட்டுமில்லாமல் காரில் இருக்கும் பலருக்கும் ஒரே நேரத்தில் மந்தமாக இருப்பது இன்னொரு தடயம். குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாதிப்பு அதிகம். அப்படித் தோன்றினால் வண்டியை நிறுத்தி எல்லோரையும் இறக்கிக் காற்றோட்டத்தில் உட்கார வையுங்கள். குழப்பமாகப் பேசினாலோ எழுப்பியும் எழாவிட்டாலோ தாமதிக்காமல் மருத்துவமனை. அங்கே ஆக்ஸிஜன் கொடுப்பார்கள்.

எங்கள் வண்டியில் புகை உள்ளே வந்த வழியையும் அண்ணன் காட்டினார். முன்கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் படுத்திருக்கும் பள்ளத்தில் ஒரு சல்லடை இருக்கிறது. வெளிக்காற்று அதன் வழியாகத்தான் வண்டிக்குள் வரும். பானெட்டின் பின் ஓரத்தில் ஒரு ரப்பர் பட்டை இருந்து, என்ஜின் அறைக் காற்று அந்தச் சல்லடைக்குப் போகாமல் தடுக்க வேண்டும். எங்கள் வண்டியில் அந்தப் பட்டை எப்போதோ கழன்று விழுந்திருந்தது. மெதுவாக ஏறும்போது எதிர்க்காற்றும் இல்லை. என்ஜின் அறையில் தேங்கிய புகை நேராகச் சல்லடைக்குள் போய், அம்மாவின் முகத்துக்கு நேரே இருந்த துவாரம் வழியாக வந்திருக்கிறது. கேஸ்கெட் பார்க்கும்போது அந்த ரப்பர் பட்டையையும் பாருங்கள். இதை எந்தப் பட்டறையும் நாமாகக் கேட்காமல் பார்ப்பதில்லை.

ஒழுக்கே இல்லாத வண்டியாக இருந்தாலும் மூடிய ஷெட்டுக்குள் என்ஜினை ஓடவிடக் கூடாது. நிறுத்திய காரில் ஏசி போட்டுத் தூங்கவும் கூடாது. இதை எத்தனை முறை எழுதினாலும் தகும்.

ஸ்டட்டோடு நடக்கும் சண்டை

இனி மாற்றும் வேலை. அதை முழுக்க அருகிலிருந்து பார்த்தேன். கேஸ்கெட்டை மாட்ட ஐந்து நிமிடம்கூட ஆகாது. பழையதைக் கழற்றத்தான் ஒன்றரை நாள்.

மாலையில் வண்டி ஆறியதும் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றினார். மேலே மூடியிருந்த ஹீட் ஷீல்டை எடுத்தார். ஒவ்வொரு நட்டின் அடியிலும் துரு இளக்கும் எண்ணெயை அடித்துவிட்டு, "ராத்திரி பூரா ஊறட்டும்" என்று கிளம்பிவிட்டார். காலையில் இன்னொரு தடவை எண்ணெய். பிறகு ஆறு முனை பாக்ஸ் ஸ்பேனரை நட்டில் முழுக்க அமர வைத்து, முதலில் முடுக்கும் பக்கமாக ஒரு மயிரிழை நகர்த்தினார். துரு உடைந்த 'கிரீச்' கேட்டதும் கழற்றும் பக்கம் திருப்பினார். கால் சுற்று கழற்றல், மறுபடி கொஞ்சம் உள்ளே, மறுபடி எண்ணெய். அவசரப்பட்டு ஒரே இழுப்பாக இழுத்தால், நட்டு ஏறியிருக்கும் மரைக்கம்பியான ஸ்டட் ஹெட்டோடு முறிந்து உள்ளேயே நின்றுவிடும். அப்புறம் துளை போட்டு எடுக்க வேண்டும், மரை போனால் புது மரை போட வேண்டும், சில வண்டிகளில் ஹெட்டையே இறக்க வேண்டிவரும். ஏழில் ஆறு நட்டு பத்திரமாக வந்தது. ஏழாவது முறிந்தது. நல்லவேளை, பாதி ஸ்டட் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதன் தலையில் ஒரு நட்டை வைத்து வெல்டிங் செய்து, அந்தச் சூட்டோடு திருப்பி எடுத்தார். அவர் நெற்றி வியர்வையைத் துடைத்ததைப் பார்த்தபோது, கூலி கேஸ்கெட் விலையைப் போல ஏன் பல மடங்கு என்பது எனக்கு விளங்கியது. இந்த வேலைக்குப் பேரம் பேசாதீர்கள்.

முன்குழாயைக் கழற்றியதும் அதைச் சென்சார் வயரில் தொங்கவிடாமல் கம்பி போட்டுக் கட்டினார். பழைய கேஸ்கெட் பிசிறுகளை, அலுமினியத்தில் கீறல் விழாமல், எண்ணெய் நனைத்துச் சுரண்டினார். நனைப்பதற்குக் காரணம் உண்டு. பழைய நாளில் மெக்கானிக்குகள் அஸ்பெஸ்டாஸ் ஷீட்டை இரும்பின் மேல் வைத்து, உருண்டைத் தலைச் சுத்தியலால் ஓரங்களைத் தட்டித் தட்டியே கேஸ்கெட்டாக வெட்டி எடுப்பார்கள். கை நேர்த்தியான வேலை அது. ஆனால் அஸ்பெஸ்டாஸ் தூசு நுரையீரலில் தங்கி, பல பத்தாண்டு கழித்துப் புற்றுநோயாக வெளிப்படும். இப்போது வருபவை கிராஃபைட்டோ, அடுக்கடுக்கான எஃகுத் தகடோதான். என்றாலும் பழைய வண்டியில் என்ன இருக்கிறது என்று தெரியாத நிலையில், காய்ந்த தூசைக் காற்றடித்து ஊதவே கூடாது.

அடுத்து அவர் செய்ததைப் பல இடங்களில் செய்வதில்லை. மேனிஃபோல்டின் முகத்தில் நேரான எஃகு அளவுகோலைக் குறுக்கே வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் தகட்டை நுழைத்துப் பார்த்தார். எங்கள் வண்டிக்கு எல்லை 0.1 மில்லிமீட்டர். மூன்றாவது சிலிண்டர் பக்கம் 0.25 தகடு தாராளமாக உள்ளே போனது. மேனிஃபோல்டு கோணியிருந்தது. இதைப் பார்க்காமல் எத்தனை புதுக் கேஸ்கெட் போட்டாலும் மூன்று மாதத்தில் போய்விடும். லேத்துக்கு அனுப்பி முகம் சீவி வாங்கினோம். அரை நாள் அதற்குப் போனது.

மாட்டும்போது புதுக் கேஸ்கெட், புது ஸ்டட், புது நட்டு. ஒருமுறை நசுங்கிய கேஸ்கெட் மறுபடி நிமிராது. இணைப்பைத் திறந்தால் புதிதுதான் போட வேண்டும். பசை எதுவும் தடவவில்லை. எஃகு அடுக்குக் கேஸ்கெட்டுக்குப் பசை வேண்டியதில்லை. சாதாரண சிலிக்கான் பசை அந்தச் சூட்டில் கருகிப்போகும்; அதன் ஆவி ஆக்ஸிஜன் சென்சாரையும் கெடுக்கும். நட்டுகளை முதலில் கையால் ஏற்றிவிட்டு, நடுவிலிருந்து இரண்டு ஓரங்களை நோக்கி மாறி மாறி, மூன்று சுற்றாக டார்க் ரெஞ்சால் முடுக்கினார். 8 மில்லிமீட்டர் ஸ்டட்டுக்குப் பல கார்களில் 20 முதல் 25 நியூட்டன் மீட்டர் போதும். உங்கள் வண்டிக்கான எண் அதன் சர்வீஸ் கையேட்டில் இருக்கும். "பலமா முடுக்குனா நல்லதுதானே" என்று நான் கேட்டதற்கு, "இழுத்து முடுக்குனா ஸ்டட் நீண்டுரும். நீண்ட ஸ்டட் பிடிக்காதுங்க" என்றார்.

கேஸ்கெட்டை எங்கே வாங்குவது என்று கேட்பவர்களுக்கு: வண்டியின் சேசிஸ் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள். சென்னை ஜி.பி. ரோட்டுக் கடைகளில் பெரும்பாலான கார்களுக்குக் கிடைக்கும். ஒரே மாடலில்கூட ஆண்டுக்கு ஆண்டு துளை மாறும் என்பதால் பழையதையும் கொண்டுபோய் மேலே வைத்துப் பொருத்திப் பாருங்கள். புதுப்பேட்டையில் பழைய மேனிஃபோல்டு வாங்கலாம், தப்பில்லை. கேஸ்கெட்டை மட்டும் பழையதாக வாங்காதீர்கள்.

வேலை முடிந்து ஸ்டார்ட் செய்ததும் பானெட்டுக்குள் புகை கிளம்பியது. எனக்குத் திக்கென்றது. மேனிஃபோல்டில் பட்ட எண்ணெயும் கைப்பிசுக்கும் எரிகிற புகை அது. கால் மணி நேரத்தில் அடங்கிவிட்டது. அப்போதும் அண்ணன் காசு வாங்கவில்லை.

"நாளைக்குக் காலைல, வண்டி நல்லா ஆறியிருக்கும்போது, பானெட்டைத் திறந்து வெச்சு ஸ்டார்ட் பண்ணிக் கேளுங்க. கேட்டுட்டு வந்து குடுங்க தம்பி."

மறுநாள் ஆறு மணிக்கு வாசலில் நின்றேன். அம்மாவும் காபி டம்ளரோடு வந்து பக்கத்தில் நின்றார். சாவியைத் திருப்பினேன். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். ஃபேன் பெல்ட் ஓடும் மெல்லிய இரைச்சலைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை.